செல்விக்கு அப்பா எழுதுவது

கோவில்பட்டி,
7.7.2024

அன்பு மகள் செல்விக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் கூப்பிட்டால் வேலையாக இருக்கிறேன், ராத்திரி பேசுகிறேன் என்கிறாய். ராத்திரி வந்து போய்விடுகிறது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கடிதமென்றால் ஒழிந்த நேரத்தில் படித்துக்கொள்ளலாம், உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

பாப்பா பிறந்தநாள் படங்களை அம்மா தினமும் எடுத்துப் பார்க்கிறாள். கேக் வெட்டுகிற படத்தில் நீ பச்சைக் கண்ணாடி வளையல் போட்டிருந்தாய். இரண்டு கையிலும் அதுதான். உனக்கு எடுப்பாக இருக்கிறது என்று அம்மா சொன்னாள். நானும் ஆமாம் என்றேன். பிறகு அவள் வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

ஆனிக் காற்று வாரி இறைக்கிறது. கடை முன்னால் படுதா கட்டியும் தட்டில் புழுதி படிகிறது. ஸ்டேஷனில் விற்கிற பையன்கள் வழக்கம்போலக் கடலைமிட்டாய் எடுத்துப் போகிறார்கள். ஊரில் வேறு விசேஷம் இல்லை.

நம் மிட்டாயை விற்க நீ வைத்திருக்கிற இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் தம்பி என் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். சித்திரைக்குப் பிறகு அதில் புதிதாக ஒன்றையும் காணோம். கடைசியாக இருப்பது மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்கிற விளம்பரம். அதற்கு முன்னால் இருபது நாளுக்குள் ஒன்பது விளம்பரம். ஒவ்வொன்றையும் பணம் கட்டித்தான் ஓட விட வேண்டும் என்று தம்பி சொன்னான். எவ்வளவு கட்டினாய் என்று நான் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், விளம்பரத்துக்குக் கடன் வாங்காதே. சரக்குக்குக் கடன் வாங்கினால் விற்காவிட்டாலும் சரக்காவது மிஞ்சும்.

நீ எடுத்ததிலேயே எனக்குப் பிடித்தது அந்தப் பாகு வீடியோதான். வெல்லப் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, இறுகியதும் எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டுகிறேன். கணீரென்று கேட்கிறது. என் முகமே இல்லை, கை மட்டும்தான். அதற்குக் கீழே எத்தனை பேர் எழுதியிருந்தார்கள்! இங்கே இன்ஜினியரிங் கல்லூரியில் படித்துவிட்டுப் போன ஒரு பையன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது பையில் இருந்த மிட்டாயை நினைத்து எழுதியிருந்தான். மேலே தூவுகிற சிவப்பும் பச்சையுமான தேங்காய்ப்பூவைத் தனியாகக் கிள்ளித் தின்பாளாம் ஒரு பெண். அதற்கு நீ ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை. என் மகள் எடுத்தது என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் காட்டினேன். பிறகு ஏன் அதை விட்டுவிட்டுப் பாட்டும் தள்ளுபடியுமாகப் போனாய்? இலவசத்துக்காக வருகிறவன் அடுத்த இலவசம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்விடுவான். அந்தத் தேங்காய்ப்பூப் பெண் அப்படிப் போகமாட்டாள்.

2020 நினைவிருக்கிறதா? ஏப்ரலில் நம் மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே கொண்டாட வேண்டிய நேரத்தில் ஊரடங்கு, கடை பூட்டிக் கிடந்தது. நீதான் மாடியில் உட்கார்ந்து டிக்டாக்கில் வீடியோ போட்டு ஆர்டர் பிடித்தாய். ஜூன் மாதக் கடைசியில் அதைத் தடை செய்தார்கள். பதினோராயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள் என்று சொல்லிச் சொல்லி அழுதாய். ஒருவருடைய போன் நம்பர்கூட நம்மிடம் இல்லை. குறியீடு ஊருக்குக் கிடைத்தது, அதில் எல்லாக் கடைக்கும் பங்குண்டு. நம் கடையைத் தேடி ஒருவர் வர வேண்டுமென்றால் அவர் யாரென்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1994இல் கட்டடக்காரர் திடீரென்று காலி செய்யச் சொன்னபோது நான் பிழைத்தது அந்தச் சிவப்பு நோட்டால்தான். பெயர், ஊர், யாருக்கு என்ன பிடிக்கும் என்று எல்லாம் எழுதி வைத்திருந்தேன். இன்னாருக்குத் தேங்காய்ப்பூ கூடாது, இன்னார் வீட்டில் பல் இல்லாத பாட்டிக்குப் பொரியுருண்டை. பதினைந்து பைசா கார்டில் ஒவ்வொருவருக்கும் புதுக் கடையின் விலாசம் எழுதினேன். நீ பிறப்பதற்கு முந்தைய வருஷம். நானும் அம்மாவும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதினோம். தீபாவளிக்குப் பாதிப் பேருக்கு மேல் தேடி வந்துவிட்டார்கள்.

உன்னிடம் இப்போது வாட்ஸ்அப் பிசினஸ் இருக்கிறதே, அதுதான் உன் சிவப்பு நோட்டு. ஒரு பட்டியலில் 256 பேரைச் சேர்த்து ஒரே நேரத்தில் செய்தி அனுப்பலாமாம். ஆனால் நம் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேருமாம். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர்களாக மனம் வைத்து நம் பெயரைப் பதிந்தால்தான் உண்டு. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு துண்டுச் சீட்டு வை, நம்பரைப் பதிந்துகொள்ளச் சொல். தினமும் எதையாவது அனுப்பித் தொல்லை செய்யாதே. புதுக் கடலை வந்த அன்று, ஐப்பசி மழையில் மிட்டாய் பிசுபிசுக்கும் என்பதால் டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லி ஒரு நாள், பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு. அது போதும். நம்பரைப் பதிந்துகொள்ளச் சொல்ல மறக்காதே. கூகுளில் கடை இருக்கும் இடம், திறக்கிற நேரம் எல்லாம் போடுவதற்குக் காசு கிடையாது, அதையும் சரியாக வைத்திரு. அங்கே யாராவது குறை எழுதினால் அன்றைக்கே பதில் எழுதிவிடு.

நீ எழுதத்தான் செய்தாய். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய அம்மா கோவில்பட்டியில் பிறந்தவராம். ஆசையாகக் கேட்டாராம். ஒரு கடி கடித்துவிட்டு, மீதியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டாராம். காறல் வாடை என்று எழுதி ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். பொட்டலம் கட்டியதில் என்னுடைய கவனக்குறைவு, மன்னித்துவிடுங்கள் என்று நீ கீழே எழுதியிருந்தாய். நான் அதைப் படித்தேன். படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

பொட்டலத்தில் குறையில்லை, செல்வி. சரக்கில்தான் குறை. தெரிந்தே அனுப்பியது நான்.

டிசம்பர் மழையில், ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் வெள்ளத்துக்கு நடுவே நின்றதே, அந்த மழையில், பின்கட்டுத் தகரம் ஒழுகி இரண்டு மூட்டைக் கடலையில் ஈரம் ஏறிவிட்டது. வெயில் வந்த பிறகு காயப்போட்டு வறுத்தேன். வாயில் போட்டுப் பார்த்தேன். மெல்லும்போது ஒன்றும் தெரியவில்லை, விழுங்கிய பிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு நின்றது. நாற்பது வருஷம் கடலை தின்ற நாக்குக்கு அது என்னவென்று தெரியாமல் போகுமா? புதுக் கடலை வாங்கிப் போடுங்கள் அப்பா, பொங்கல் ஆர்டர் நாலு நாள் தள்ளிப்போனால் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன் என்றாய். வாங்கிவிட்டேன் என்று சொன்னேன். வாங்கவில்லை. அந்த மாதம் கையில் பணமில்லை, இரண்டு மூட்டையைக் குப்பையில் கொட்ட மனம் வரவில்லை.

கடைக்கு வந்தவர்களுக்கு அதில் ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை. அவர்கள் என் முன்னாலேயே கடிப்பார்கள், முகம் மாறும். உன் ஆர்டருக்குப் போட்டேன். அந்த 63 பேரின் முகம் எனக்குத் தெரியாது. அதுதான் காரணம். வேறெதுவும் இல்லை.

63 பேருக்கும் நீ பணத்தைத் திருப்பிக் கொடுத்தாய். கெட்ட பெயரை மறைக்கப் புதுப் பை, புது விளம்பரம், தள்ளுபடி என்று ஓடினாய். பொட்டலம் காற்றுப் புகாமல் இருக்க எந்தப் பை நல்லது என்று என்னிடமே கேட்டாய். நானும் ஏதோ யோசனை சொன்னேன். அந்தப் போனை வைத்த பிறகு நான் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அப்போதும் சொல்லவில்லை. ஆறு மாதமாக ஒவ்வொரு முறையும் சொல்லிவிட நினைத்து, தூங்கு, நேரத்துக்குச் சாப்பிடு என்று புத்தி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த 63 பேரின் விலாசத்தை எனக்கு அனுப்பு. புதுக் கடலையில் நானே நின்று போடுகிறேன். ஒவ்வொரு பொட்டலத்திலும் என் கையால் ஒரு கார்டு எழுதி வைக்கிறேன். மழை, ஈரம், நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் எழுதுகிறேன். கூகுளில் நீ எழுதிய பதிலை எடுத்துவிட்டு, தவறு கடைக்காரருடையது என்று என் பெயரைப் போட்டு எழுது. கோயம்புத்தூர் அம்மாவின் நம்பர் இருந்தால் கொடு, நானே பேசுகிறேன். நட்சத்திரத்தை மாற்றச் சொல்லிக் கேட்கமாட்டேன்.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. உன்னை ஏதாவது சொல்லியிருந்தால், சொல்ல வேண்டியது என்னை என்று அவருக்குத் தெரியட்டும்.

ஆச்சி வளையல் எங்கே இருக்கிறதென்று மட்டும் எழுது. அசலும் வட்டியும் என் பொறுப்பு. அம்மாவுக்குக் கடலை விஷயம் இன்னும் தெரியாது. இதைத் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லப் போகிறேன்.

தனியாக ஒரு பார்சல் வரும். நேற்றுப் போட்டது, ஐந்து பாக்கெட். கடித்துப் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறதென்று உள்ளபடி சொல். பாப்பாவுக்கு முழுக் கடலை கொடுத்துவிடாதே, நன்றாகப் பொடித்துக் கொடு.

இப்படிக்கு,
அப்பா