வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: ஆளுநர் லூ வாலஸின் கடிதக் கட்டுகளோடு ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இண்டியானாபோலிஸிலிருந்தும் கார்மல், ஃபிஷர்ஸ் பக்கமிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்க வந்த இடத்தில் எங்கள் கூட்டங்களில் அகப்பட்டுக்கொண்ட பெற்றோர்களுக்கும் வணக்கம். நம் வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பனி கொட்டிய மாதத்தில் மட்டும் ஜூமில் கூடினோம். சிறுவர் கதைநேரத்தைப் பொறுப்பேற்று நடத்திய இரண்டு சகோதரிகளுக்கும் நன்றி. புதிதாகச் சேர்ந்தவர்களும் உண்டு, வேலை மாறி டெக்சஸ் பக்கம் போய்விட்டவர்களும் உண்டு. மற்றவை இணைப்பில் இருக்கின்றன.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இந்த ஆண்டு நாவல், சிறுகதை என்று தாவாமல் ஒரே ஒரு கடிதத் தொகுப்பை எடுத்துக்கொண்டோம். லூ வாலஸ் 1878 முதல் 1881 வரை நியூ மெக்சிகோ பிரதேசத்தின் ஆளுநராக இருந்தபோது எழுதிய கடிதங்கள், அவருக்கு வந்த கடிதங்கள். தென்மேற்குப் பாலைவனத்துச் சங்கதி நமக்கெதற்கு என்று அப்போதே சிலர் கேட்டார்கள். பதில் எளிது: காகிதங்கள் நம்மூரில் இருக்கின்றன. வாலஸ் இண்டியானாக்காரர். 1827இல் புரூக்வில்லில் பிறந்து, 1905இல் கிராஃபோர்ட்ஸ்வில்லில் இறந்தவர். அந்தக் காலத்தில் பதவி முடிந்து போகும் ஆளுநர் தன் கடிதக் கட்டுகளையும் சேர்த்தே மூட்டை கட்டிக்கொண்டு போனார். அரசுக் காகிதம் வேறு, சொந்தக் காகிதம் வேறு என்ற கண்டிப்பெல்லாம் பின்னால் வந்தது. அவருடைய தொகுப்பு இன்று டவுன்டவுன் கால்வாய் ஓரத்தில் உள்ள இண்டியானா வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. அந்த வழியாக நடைப்பயிற்சி போகிறவர்களில் பாதிப்பேர் நம் உறுப்பினர்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியூ மெக்சிகோ அன்று மாநிலமல்ல, 1912இல்தான் மாநிலமானது. அதுவரை ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. வாஷிங்டனில் இருக்கும் அதிபர் அனுப்புவார். 1878இல் அங்கே லிங்கன் கவுண்டியில் இரண்டு வியாபாரக் கோஷ்டிகள் ஆள் வைத்துச் சுட்டுக்கொண்டன. ஒரு பக்கம் பழைய கடைக்காரர்களான மர்ஃபியும் டோலனும். எதிர்ப்பக்கம் புதிதாக வந்த இங்கிலாந்துக்காரர் டன்ஸ்டல், வழக்கறிஞர் மெக்ஸ்வீன். பிப்ரவரி 18 அன்று டன்ஸ்டல் கொல்லப்பட்டார். ஏப்ரல் 1 அன்று ஷெரிஃப் பிரேடியை டன்ஸ்டல் தரப்பினர் சுட்டுக் கொன்றனர். ஜூலையில் ஐந்து நாள் சண்டை. அதன் முடிவில் மெக்ஸ்வீனும் செத்தார். ஆளுநர் ஆக்ஸ்டெல் ஒரு தரப்புக்குச் சாய்ந்தவர் என்று விசாரணை அறிக்கை சொன்னதும், அதிபர் ஹேஸ் அவரை நீக்கிவிட்டு வாலஸை அனுப்பினார். ராணுவச் சட்டம் வேண்டும் என்று வாலஸ் எழுதிப் பார்த்தார், கிடைக்கவில்லை. நவம்பர் 13 அன்று பொதுமன்னிப்பு அறிவித்தார். அந்த ஆண்டு பிப்ரவரி 1 முதல் அறிவிப்பு நாள் வரை நடந்தவற்றுக்கு மன்னிப்பு உண்டு, ஆனால் ஏற்கெனவே குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குக் கிடையாது. இந்த விதிவிலக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேடி கொலையில் குற்றம் சாட்டப்பட்டிருந்த ஓர் இளைஞன் இதனால்தான் மன்னிப்புக்கு வெளியே நின்றான்.

அவன் பெயர் வில்லியம் போனி. உலகம் அவனை பில்லி தி கிட் என்று அறியும். நம் குழந்தைகளுக்கும் தெரியும், துப்பாக்கியோடு. நாங்கள் படித்தது பேனாவோடு இருந்தவனை.

1879 பிப்ரவரி 18 அன்று, மெக்ஸ்வீனின் விதவைக்காக வழக்காட வந்த சாப்மன் என்ற வழக்கறிஞர் லிங்கன் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். போனி அதை நேரில் பார்த்தவன். மார்ச்சில் ஆளுநர் லிங்கனுக்கே வந்து இறங்கியதும் போனியிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. என் உடலுக்கு ஆயிரம் டாலர் தருவதாகக் கேள்விப்பட்டேன், சாட்சியாக உயிரோடு வேண்டும் என்பதாகவே அதைப் புரிந்துகொள்கிறேன் என்று தொடங்குகிறான். உங்கள் அறிவிப்புக்குப் பிறகு நான் கையைத் தூக்கியதே இல்லை, இனிமேல் சண்டை போட விருப்பமும் இல்லை என்கிறான். மார்ச் 15 அன்று வாலஸ் பதில் எழுதினார்: திங்கட்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஸ்குவயர் வில்சன் வீட்டுக்குத் தனியாக வா, யாரிடமும் சொல்லாதே, நீ அறிந்ததாகச் சொல்வதைச் சாட்சியமாகச் சொன்னால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்க எனக்கு அதிகாரம் உண்டு. கடைசியில், ஜெஸ்ஸி எவன்ஸை நம்ப முடிந்த நீ என்னையும் நம்பலாம் என்று ஒரு குத்தல். எவன்ஸ் சாப்மன் கொலையில் சிக்கியவன்.

மார்ச் 17 அன்று சந்தித்தார்கள். பிடிபட்டது போல ஒரு நாடகம் ஆடுவது என்று ஏற்பாடு. அதற்கு முன் சான் பாட்ரிசியோவிலிருந்து அவன் எழுதிய கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தபோது அறையில் பேச்சே இல்லை. சண்டையிட்டு மனிதனாகச் சாகப் பயமில்லை, கையில் ஆயுதமில்லாமல் நாயைப்போலச் சாக விருப்பமில்லை என்று எழுதியிருந்தான். சொன்னபடி பிடிபட்டான். சொன்னபடி ஏப்ரலில் கிராண்ட் ஜூரி, அதாவது யார்மேல் குற்றம் சாட்டுவது என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு முன் சாட்சியும் சொன்னான்.

இந்த ஆண்டின் முக்கியமான கூட்டம் என்று நான் கருதுவது இதற்கு அடுத்தது. மார்ச் 31 அன்று, அதாவது போனி காவலுக்கு வந்த சில நாட்களில், வாலஸ் தன் மேலதிகாரியான உள்துறைச் செயலர் கார்ல் ஷுர்ஸுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டோம். அதில் ‘கிட்’ என்ற பட்டப்பெயர் கொண்ட ஓர் ‘அருமையான’ உருப்படியை ஷெரிஃப் காவலில் வைத்திருக்கிறார், ஊராருக்கு அவன்மேல் ஒரே வாஞ்சை, அன்றொரு நாள் இரவு பாட்டுச் சத்தம் கேட்டு வாசலுக்குப் போனால் ஊர்ப் பாடகர்கள் சிறைக்கு முன்னால் நின்று அவனுக்காகப் பாடுகிறார்கள் என்று கேலியாக எழுதுகிறார். ‘உன் உயிருக்குப் பாதுகாப்பு தேடவே இந்தச் சந்திப்பு’ என்று போனிக்கு எழுதிய அதே கைதான்.

மகள் வீட்டுக்கு வந்திருந்த, வருவாய்த்துறையில் தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் அதுவரை வாய் திறக்காமல் இருந்தார். அன்று அவர் சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறேன்: “மேலிடத்துக்குப் போகும் கடிதத்தில் உண்மை இருக்கும், ஆனால் மேலிடம் சுமக்கத் தயாராக இருக்கிற அளவுக்குத்தான் இருக்கும். முதலில் ‘பெறுநர்’ யார் என்று பாருங்கள், பிறகு உள்ளே போங்கள்.” அதன் பிறகு இந்த வரிசையில்தான் படித்தோம். பெறுநர் வாரியாக அடுக்கினால் வாலஸ் மூன்று ஆளாகத் தெரிகிறார். வாஷிங்டனுக்குப் படையும் ஆயுதமும் கேட்கும் நிர்வாகி, போனிக்கு இரவில் சந்திக்கும் ரகசியக்காரர், வீட்டாருக்கு இந்த ஊர் எப்போது விடும் என்று ஏங்குபவர். அவருடைய மனைவி சூசன் ஒருபடி மேலே போய், இந்த நியூ மெக்சிகோவைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி மெக்சிகோவோடு இன்னொரு யுத்தம் நடத்த வேண்டும் என்று ஜெனரல் ஷெர்மன் சொன்னது சரிதான் என்று மகனுக்கு எழுதினார்.

வாக்குறுதி என்ன ஆயிற்று என்பதில் நம் வட்டம் இரண்டாகப் பிரிந்தது. இன்னும் சேரவில்லை. மாவட்ட வழக்கறிஞர் ரைனர்சன் எதிர்த்தரப்பின் ஆள். பிரேடி வழக்கைக் கைவிட மறுத்து, அதை டோன்யா அனா கவுண்டிக்கு மாற்ற வைத்தார். ஜூன் மாதம் போனி காவலிலிருந்து நழுவிப் போனான். அவன் ஓடியதால் ஒப்பந்தம் முறிந்தது என்று ஒரு தரப்பு. ஒப்பந்தம் நடக்காது என்று தெரிந்ததால்தான் ஓடினான் என்று மறு தரப்பு. அதற்குப் பிறகு அவன் மாடு திருடினான் என்பதை இரண்டாம் தரப்பும் மறுக்கவில்லை.

என் கருத்தைக் கேட்டால், ஆளுநர் மன்னிப்பு வழங்க முடியும். வழக்கைத் தொடுப்பதும் விடுவதும் வழக்கறிஞர் கையில். தன் கையில் இல்லாததை ‘எனக்கு அதிகாரம் உண்டு’ என்று எழுதிக் கொடுத்தது முதல் கோளாறு. கையில் இருந்ததைக் கடைசிவரை கொடுக்காதது இரண்டாவது. இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1880 டிசம்பரில் ஆளுநரின் பெயரில் 500 டாலர் பரிசு அறிவிப்பு வந்தது. அதே மாதம் பாட் காரெட் போனியைப் பிடித்தார். பிரதேசத் தலைநகரான சாண்டா ஃபேயில் அவனை அடைத்த சிறைக்கும் ஆளுநர் மாளிகைக்கும் சில தெருக்கள்தான் இடைவெளி. 1881 புத்தாண்டு நாளில், நேரமிருந்தால் சற்று உங்களைப் பார்க்க வேண்டும் என்று எழுதினான். மார்ச் 2 அன்று, இரண்டு வருடத்துப் பழைய கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன, அவற்றுக்காகச் சிலர் தவிக்கிறார்கள், உங்களைப் பார்க்காமல் கொடுக்க மாட்டேன் என்றான். மிரட்டலா, கெஞ்சலா என்று அன்று நேரம் போனதே தெரியவில்லை. அரங்கச் சாவி வைத்திருந்தவர் வந்து விளக்கை அணைத்தார். மார்ச் 4 அன்று நேராகவே எழுதிவிட்டான்: நான் வாக்களித்ததையெல்லாம் செய்தேன், நீங்கள் வாக்களித்ததில் எதையும் செய்யவில்லை. மார்ச் 27 அன்று, கடைசி முறையாகக் கேட்கிறேன், வாக்கைக் காப்பீர்களா, நாளை என்னைக் கொண்டுபோகிறார்கள், பதிலை இந்த ஆளிடமே கொடுத்தனுப்புங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டு. பதில் போகவில்லை.

மெசில்லாவில் நீதிபதி பிரிஸ்டல் முன் விசாரணை நடந்தது. தூக்குத் தண்டனை, நாள் மே 13. லிங்கன் கவுண்டிச் சண்டையில் சுட்டவர்கள் எத்தனையோ பேர். தண்டனை பெற்றவன் இவன் ஒருவன்தான். ஏப்ரல் 28 அன்று இரண்டு காவலர்களைக் கொன்றுவிட்டுத் தப்பினான். தூக்கு ஆணையில் வாலஸ் கையெழுத்திட்டது ஏப்ரல் 30. ஆள் இல்லாத சிறைக்கு ஆணை. ஜூலை 14 இரவு ஃபோர்ட் சம்னரில் காரெட் அவனைச் சுட்டபோது வாலஸ் ஆளுநர் பதவியில் இல்லை; ஓட்டோமான் பேரரசுக்குத் தூதராக நியமனம் பெற்றிருந்தார். 2010இல் நியூ மெக்சிகோ ஆளுநர் ரிச்சர்ட்சன் போனிக்கு மன்னிப்பு வழங்கும் மனுவைப் பரிசீலித்து, டிசம்பர் 31 அன்று மறுத்தார். வாலஸ் ஏன் பின்வாங்கினார் என்பது தெளிவாக இல்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார். ஆக, இந்தக் கடிதங்கள் 130 ஆண்டுகள் கழித்தும் ஓர் ஆளுநரின் மேஜைக்குப் போய் வந்திருக்கின்றன.

தொகுப்பு எங்கெங்கே கிடக்கிறது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். நம்மூரில் ஒரு பகுதி, சாண்டா ஃபேயின் ஃப்ரே ஆஞ்செலிகோ சாவேஸ் நூலகத்தில் சில கடிதங்கள். பிரதேசங்களின் நிர்வாகம் 1873இல் உள்துறைக்கு மாறியதால், ஆளுநர் வாஷிங்டனுக்கு அனுப்பியவை தேசிய ஆவணக் காப்பகத்தின் உள்துறைக் கோப்புகளில். சாண்டா ஃபே மாளிகைக்கு இன்னொரு கதையும் உண்டு. 1870இல் பைல் என்பவர் ஆளுநராக இருந்தபோது, அங்கிருந்த ஸ்பானிய, மெக்சிகக் கால ஆவணங்களில் பெரும் பங்கு வேண்டாத காகிதம் என்று விற்கப்பட்டது. ஊரார் கொதித்தெழுந்த பிறகு ஒரு பகுதிதான் மீண்டது. அதை நினைத்தால், தன்னைக் குற்றம் சாட்டும் கடிதங்களைக்கூடக் கிழித்துப் போடாமல் பாதுகாத்த வாலஸுக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டுமாவது நாம் கடன்பட்டிருக்கிறோம். மன்னிக்கிறேன் என்று சொல்லவில்லை.

கோடையில் கிராஃபோர்ட்ஸ்வில் போய் அவருடைய படிப்பகத்தைப் பார்த்தோம். இன்று அது அருங்காட்சியகம். பயணத்தில் பாதிப்பேருக்கு ‘பென்-ஹர்’ நாவலில்தான் ஆர்வம். அதன் கடைசிப் பகுதிகளை வாலஸ் சாண்டா ஃபே மாளிகையில் இரவுகளில் எழுதினார், 1880 நவம்பரில் வெளிவந்தது. பகலில் ஆளுநர், இரவில் நாவலாசிரியர் என்பதைப் பெருமையாகவே எங்கும் சொல்கிறார்கள். பகல் வேலை எப்படி நடந்தது என்று நம் வட்டத்தினர் கேட்ட கேள்விகள் அன்று சற்றுக் கூர்மையாகவே இருந்தன. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொடுத்த குடும்பங்களுக்கு நன்றி. வேன் ஏற்பாட்டில் நடந்த தாமதத்தைப் பற்றி அந்த நிறுவனத்துக்குத் தனியாக எழுதியாயிற்று.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று பரிந்துரைகளை வைக்கிறது. கடிதங்களின் தமிழாக்கக் கையெழுத்துப் படியை இரண்டு பேர் ஒப்பிட்டுத் திருத்தி, உறுப்பினர்களுக்கு மட்டும் நகலெடுத்துத் தருவது. அடுத்த வாசிப்பு சூசன் வாலஸின் கடிதங்களா, வேறு பொருளா என்பதை இன்றே வாக்கெடுப்பில் முடிவு செய்வது. கூட்டம் முடியும் நேரத்தை அரை மணி தள்ளிவைக்க அரங்கத்தாரிடம் பேசுவது. மூன்றாவதற்கு யாரும் எதிர்ப்பு சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நூலகப் புத்தகங்களை வைத்திருப்பவர்கள் வெளியே மேஜையில் ஒப்படைத்துவிட்டுக் காபிக்குப் போகவும். வரவுசெலவுக் கணக்கை வாசிக்கப் பொருளாளரை அழைக்கிறேன்.