இரும்பு தின்னும் மான்ஸ்டர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் மேசை விளையாட்டுகள் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் வீரன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் மான்ஸ்டர்கள் எல்லாம் வெட்டிச் சாய்ப்பதற்கென்றே இருப்பவை என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். டிராகனோடு நிறுத்திக்கொண்டார் போலிருக்கிறது.

ரஸ்ட் மான்ஸ்டரைப் பாருங்கள். ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், ஹாங்காங்கில் தயாரான மலிவு பிளாஸ்டிக் பொம்மை ஒன்றை வைத்துக் கற்பனை செய்தது அது. என்ன மிருகமென்றே சொல்ல முடியாத பொம்மை! ஆந்தைத் தலையும் கரடி உடம்புமாக வரும் அவுல்பேரும் அதே வகைப் பொம்மையிலிருந்து வந்ததுதான். 1975இல் வெளிவந்த இணைப்பு நூலில் இரண்டுமே இடம்பிடித்தன.

ரஸ்ட் மான்ஸ்டருக்கு மனித சதை மேல் ஆசை இல்லை, இரும்புதான் தீனி. அதன் உணர்கொம்பு பட்டால் கவசம் துருவாக உதிர்ந்துவிடும். டிராகனுக்கே அஞ்சாத வீரன் இதைக் கண்டதும் பின்வாங்குவான். மரக்கோலோடு வரும் நோஞ்சான் மந்திரவாதி நின்று வேடிக்கை பார்ப்பான். வாளால் வெட்டினால் வாளும் போச்சு. பையிலிருக்கும் இரும்பு ஆணிகளை வீசிவிட்டு, அது தின்று முடிப்பதற்குள் நழுவுவதுதான் புத்திசாலித்தனம்.

பழைய விதிகளில் கொல்வதற்குப் பெரிய பரிசும் கிடையாது. பாத்திரத்தை வலுவாக்கும் அனுபவப் புள்ளிகளில் பெரும்பகுதி புதையலுக்குத்தான், ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. 1981இல் வந்த பேசிக் விதிநூலில், எதிர்ப்படும் மான்ஸ்டர் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு 2 பகடைகளை உருட்டச் சொல்கிறார்கள். 2 விழுந்தால் உடனே பாயும், 12 விழுந்தால் நட்புக் கொண்டாடும். நடுவில் விழுந்தால்? அது முடிவெடுக்காமல் நிற்கும், பேசிப் பார்க்கலாம்.

சரி, கட்டுரையாளர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. பிற்காலப் பதிப்புகள் பொற்காசுக் கணக்கைக் கைவிட்டன. 2014 பதிப்பின் ரஸ்ட் மான்ஸ்டர் மந்திரக் கவசத்தை அரிப்பதே இல்லை; சாதாரணக் கவசத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கெடுக்கிறது. பாவம், பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்! ஆனால் அது விதி எழுதியவர்களின் தயக்கம், மான்ஸ்டரின் குறை அல்ல.

இந்தக் கட்டுரைக்குத் தொடர்ச்சி வருமானால் ஜெலட்டினஸ் கியூபுக்கும் ஒரு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள். பத்தடி அகல நடைபாதையை அடைத்துக்கொண்டு, கண்ணுக்கே தெரியாமல் ஊர்ந்து வரும் பத்தடிக் கனசதுரம் அது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை