குன்னூரிலிருந்து வேலூருக்கு வரும் மணிக்காக, தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

மாற்றல் ஆணை வந்துவிட்டது என்றும், ஏப்ரலிலேயே குடும்பத்தோடு வேலூருக்கு வந்துவிடுவீர்கள் என்றும் அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். பிள்ளைகளின் பள்ளி, வாடகை, குடிதண்ணீர் பற்றியெல்லாம் மாமா உன்னிடம் பேசுவார். நான் எழுத விரும்புவது மணியைப் பற்றி மட்டுமே.

மணி, கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலான ஊரில் பிறந்து வளர்ந்த லாப்ரடார். அதன் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், உறையவைக்கும் கடலில் மீனவர்களோடு நீந்தி உழைத்த நாய்கள். அந்தக் குளிருக்கென்று அமைந்த இரட்டை மயிர்ப்போர்வை இன்னும் அதன் உடலில் இருக்கிறது. வேலூரோ பாறைக் குன்றுகளுக்கு நடுவில் கிடக்கும் ஊர். அக்கினி நட்சத்திரம் மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்குவதாகப் பஞ்சாங்கம் சொன்னாலும், மார்ச் கடைசியிலேயே வெயில் சுடத் தொடங்கிவிடும்; மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே வழக்கம்.

எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை நாய் ஒட்டிய உடலும் குட்டை மயிரும் கொண்ட நம் மண்ணின் இனம். அதுவே காலை பத்து மணிக்கெல்லாம் வேப்பமரத்தடி மண்ணைப் பறித்து, அடியிலிருக்கும் குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைத்துப் படுத்துவிடுகிறது; யார் கூப்பிட்டாலும் எழுவதில்லை. மணி அப்படிச் செய்யாது. நீ பந்தை எறிந்தால், மூச்சு வாங்கினாலும், கால் தள்ளாடினாலும், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் ஓடும். எப்போது போதும் என்பதை அதற்காக நீதான் முடிவு செய்தாக வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இதுதான்.

நமக்கு உடல் முழுவதும் வியர்ப்பதுபோல் நாய்க்கு வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டும் சிறிது வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, வாயிலும் மூச்சுக்குழலிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அதன் இயல்பான உடல் வெப்பமே 38.3 முதல் 39.2 டிகிரி வரை. 41-ஐத் தொட்டுவிட்டால் உயிருக்கு ஆபத்து. காற்றில் ஈரம் மிகுந்தால் இரைப்பதால் கிடைக்கும் பயனும் குறைந்துவிடும். ஆகையால் கோடை மழை பெய்து ஓய்ந்த புழுக்கமான மாலையை, வெயில் இல்லை என்பதற்காக நம்பிவிடாதே.

காலை ஆறு மணிக்குள் நடத்திக் கூட்டி வந்துவிடு. மாலையில் இருட்டிய பிறகும் சற்றுப் பொறுத்தே கிளம்பு. பகலெல்லாம் வெந்த தார்ச்சாலை சூரியன் மறைந்த பிறகும் நெடுநேரம் சூட்டை வைத்திருக்கும். உன் புறங்கையைச் சாலையில் ஏழெட்டு நொடி வைத்துப் பார். உன்னால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. மண்பாதை இருந்தால் அதுவே நல்லது. வந்த முதல் இரண்டு மூன்று வாரங்கள் நடை மிகக் குறைவாகவே இருக்கட்டும், ஏனெனில் உடல் புதிய வெப்பத்துக்குப் பழக அவ்வளவு காலமாவது வேண்டும்.

மதியத்தில் அதற்கு வேண்டியது குளிர்ந்த தரையும், மின்விசிறியும், மண்சட்டியில் தண்ணீரும்தான். இங்கே மாடித் தொட்டித் தண்ணீர் பகலில் கொதிக்கும். விடியற்காலையிலேயே இரண்டு வாளி பிடித்து நிழலில் வைத்துவிடு. மின்சாரம் நின்றுவிடும் நேரங்களில் அந்தத் தண்ணீரால் அதன் வயிற்றையும் தொடையிடுக்கையும் நனைத்து விசிறிவிடலாம். தகரக் கொட்டகையிலோ, மொட்டை மாடியிலோ, நிறுத்திய காரிலோ ஒரு நிமிடம்கூட விட்டுவைக்காதே. மயிரை மழித்துவிடலாமே என்று இங்கே பலரும் சொல்வார்கள், அதைக் கேட்காதே. மேல்மயிர்தான் வெயில் நேரே தோலில் படாமல் காக்கிறது. அடிமயிரைத் தினமும் சீவி எடுத்தாலே போதும். உணவை அதிகாலைக்கும் இரவுக்கும் மாற்றிவிடு. வெங்காயம் நாய்க்கு நஞ்சு என்பதால் சாம்பார் சாதம் வைக்கவே வேண்டாம்.

அடுத்தது உண்ணி. குன்னூர்க் குளிரில் நீ இதை இவ்வளவு பார்த்திருக்க மாட்டாய். இந்தப் பழுப்பு உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை; இரத்தம் குடித்ததும் உதிர்ந்து, சுவர் விரிசலிலும் கதவு நிலையிடுக்கிலும் சாக்கிலும் ஒளிந்துகொள்ளும். இரத்தம் குடித்த ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு வீட்டை விட்டுவிட்டால் உண்ணி திரும்பத் திரும்ப வரும். மருத்துவரிடம் எடைக்கேற்ற மருந்தைக் கேட்டு வாங்கிக் கோடை முழுதும் தவறாமல் கொடு. காதின் உட்புறத்தையும் கால்விரல் இடுக்குகளையும் தினமும் பார். எர்லிக்கியா, பபீசியா என்னும் கிருமிகள் இந்த உண்ணியால் பரவுகின்றன. சோர்வும் காய்ச்சலும் வந்து, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் இரத்தம் கசிந்தாலோ, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ, வெயில் அசதி என்று நினைத்து ஒரு நாளும் காத்திருக்காதே.

நிற்காத இரைப்பு, கெட்டியான எச்சில், கருஞ்சிவப்பான நாக்கு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இரு. ஈரத்துணியால் போர்த்தி மூடாதே, சூடு உள்ளேயே தங்கிவிடும். மயங்கிக் கிடந்தால் வாயில் தண்ணீர் புகட்டாதே. உடலை நனைத்துத் தணித்த பிறகே வண்டியில் ஏற்று. எழுந்து நடந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தும் வெளிப்படும்.

மாமா உங்களுக்காகச் சத்துவாச்சாரிப் பக்கம் இரண்டு வீடுகள் பார்த்து வைத்திருக்கிறார். மேல்மாடி வீட்டுக்கு வாடகை குறைவுதான். ஆனால் தளம் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் உள்ளே இறக்கும். கீழ்த்தளத்து வீட்டில் சிமெண்ட் தரையும், பின்கட்டில் ஒரு வேப்பமரமும் இருக்கின்றன. உனக்குச் சம்மதமானால் அதற்கே முன்பணம் கொடுத்துவிடச் சொல்கிறேன். பயணத்தை மட்டும் இரவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா