மைனாவுக்குக் கம்பளி போர்த்திய அஜ்ஜிக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

இன்று காலை என் குதிரை மைனா முன்னங்காலால் தரையைத் தட்டினாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்த் தாடைக்கு அடியில் விரலை வைத்து நாடி பார்த்தேன். நாற்பதுதான், குதிரைக்கு அது சரியான அளவு. விலாவில் காதை வைத்தேன். குடல் இரைகிற சத்தம் நன்றாகக் கேட்டது. அப்புறம்தான் புரிந்தது, அவள் தட்டியது வலியால் இல்லை, பசியால். நான் அறுத்து வைத்திருந்த புல்கட்டைப் பார்த்துத் தட்டியிருக்கிறாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த கையோடு இதை எழுதுகிறேன்.

மைனா குடல் அடைத்து வயிற்றுவலியில் துடித்த அந்த இரண்டு ராத்திரியும் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள், மீதிப் பேர் போன் பண்ணிக்கொண்டே இருந்தீர்கள். அதையெல்லாம் திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்லை. நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

யானைக் காவலுக்குப் பரண்மேல் இருந்த பிள்ளைகளே, நான் போட்ட சத்தத்தைக் கேட்டு டார்ச் லைட்டோடு இறங்கி ஓடி வந்தீர்கள். அந்த நேரம் உங்கள் ராகிக் கொல்லையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று இன்றைக்குத்தான் யோசிக்கிறேன். ராயக்கோட்டையில் நடுராத்திரி மெடிக்கல் கடையைத் திறந்து கொடுத்த அண்ணன், டாக்டரைப் பால் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த தம்பி, வெந்நீர் போட்டுப் போட்டு அனுப்பிய மேலத்தெரு அக்காமார்கள், தேன்கனிக்கோட்டையிலிருந்தும் சூளகிரியிலிருந்தும் விசாரித்தவர்கள், எல்லோருக்கும் கைகூப்பிக் கும்பிடுகிறேன். டாக்டருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மூக்கு வழியாக ட்யூபை இரைப்பைவரை இறக்கி, லிக்விட் பாரபின் ஊற்றும்போதுகூட எங்களுக்கு விளக்கிக்கொண்டே இருந்தார். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே போனது கீழே இறங்கித்தான் தீர வேண்டும், அது இறங்குகிறவரை யாரும் தூங்கக்கூடாது என்றார். யாரும் தூங்கவில்லை. இரண்டாம் நாள் விடியற்காலம் மைனா லத்தி போட்டபோது, கோயில் தேர் நிலைக்கு வந்ததுபோல நீங்கள் எல்லோரும் கத்தியது இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

ஆனால் இந்த மடலை நான் எழுத உட்கார்ந்தது ஒருவருக்காக. அவர் பேர் எனக்குத் தெரியாது.

அறுப்பு முடிந்த பக்கத்துக் கொல்லையில் அந்த வாரம் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். கிடையோடு வந்த, ஆடு மேய்க்கும் குறும்பர் வீட்டு அஜ்ஜி அவர். அஜ்ஜி என்றால் கன்னடத்தில் பாட்டி. முதல் நாள் ராத்திரி, மணி ஒன்றுக்கு மேல் இருக்கும். டாக்டர் இன்னும் வந்து சேரவில்லை. நான் மைனாவைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டிருந்தேன். படுத்து உருள விடக்கூடாது என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரியும். வலியில் அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கழுத்திலிருந்து சொட்டியது. மேலே தைமாதத்துப் பனி. நம் பக்கத்துக் குளிர் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் மெல்லிசான புடவையோடு, காலில் செருப்புகூட இல்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

இருட்டிலிருந்து அந்த அம்மா வந்தார். ஒல்லியான உடம்பு, தோளில் கறுப்புக் கம்பளி. யார், என்ன என்று ஒன்றுமே கேட்கவில்லை. நேராகப் பக்கத்தில் வந்து தோளிலிருந்த கம்பளியை எடுத்து உதறினார். எனக்குத்தான் போர்த்த வருகிறார் என்று நினைத்து, "வேண்டாம் அஜ்ஜி, நீங்க போத்திக்கோங்க" என்றேன்.

"உனக்கில்ல தாயி, குதிரைக்கு" என்றார்.

கன்னடமும் தமிழும் கலந்த அந்தப் பேச்சு அப்படியே மனசில் நின்றுவிட்டது. மைனா புது ஆளைக் கிட்டே சேர்க்க மாட்டாள், உங்களில் நிறையப் பேருக்கு அனுபவம் இருக்கும். அந்தக் கம்பளியில் ஆட்டு வாடையும் புகை வாடையும் தூக்கலாக அடித்தது. அஜ்ஜி அதை அவள் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். மைனா மூக்கை விரித்து மோந்து பார்த்தாள். ஒருமுறை, இரண்டுமுறை. அப்புறம் காதை முன்னால் திருப்பினாள். அதற்குப் பிறகுதான் அஜ்ஜி கம்பளியை முதுகில் போட்டார். இடுப்புவரை இழுத்துவிட்டு, நெஞ்சுக்கு முன்னால் இரண்டு முனையையும் சேர்த்து, தன் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினார். குத்தும்போது தோலில் பட்டுவிடக்கூடாதென்று இடது கையை உள்ளே கொடுத்துப் பிடித்திருந்தார். அந்த இருட்டில், அந்தக் குளிரில், அப்படி ஒரு கவனம்.

பிறகு என் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். ஆட்டுக்கு வயிறு உப்பினாலும் படுக்க விடமாட்டார்களாம். அவ்வளவுதான் சொன்னார். களத்தைச் சுற்றிச் சுற்றி, ஒரே நிதானத்தில் நடந்தார். மெதுவாக ஏதோ முனகினார், பாட்டா வெறும் சத்தமா தெரியவில்லை. மைனாவின் தலை தாழ்ந்து அவர் தோள் உயரத்துக்கு வந்தது. டாக்டர் வந்த வண்டி வெளிச்சம் தெரிகிறவரை அவர் நிற்கவே இல்லை. நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. போர்த்திக்கொள்ள அவரிடம் வேறு ஒன்றும் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது தொண்டை அடைக்கிறது.

என் ஐம்பத்துமூன்று வயதில், "குதிரைக்கா?" என்று கேட்காத முதல் ஆள் அவர்தான்.

உங்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். சின்ன வயதிலிருந்து இந்தக் கேள்வியோடுதான் வளர்ந்தேன். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஜட்கா வண்டிக்காரத் தாத்தா ஒருவர் இருந்தார். எனக்கு ஆறு வயசு. ஊறவைத்த கொள்ளை என் உள்ளங்கையில் வைத்து, "விரலை மடக்காத பாப்பா, தட்டு மாதிரி வெச்சுக்கோ" என்றார். குதிரைக்குத் தன் மூக்குக்கு நேர்கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியாது, உதட்டாலும் மீசைமயிராலும் தடவித்தான் கண்டுபிடிக்கும் என்பதைப் பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அவ்வளவு பெரிய உயிர் அவ்வளவு மெதுவாக என் கையைத் தொட்டது என்பதுதான். அன்று மாலை வீட்டில் அடி விழுந்தது. பெண்பிள்ளைக்கு ஜட்கா ஸ்டாண்டில் என்ன வேலை என்று அம்மா கேட்டார். மறுநாளும் போனேன். சேணம், கடிவாளம், லாடம், கண்பட்டை என்று எல்லாவற்றுக்கும் பேர் கற்றுக்கொண்டேன். ஜட்காக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அந்தத் தாத்தாவும் போய்விட்டார். என் ஆசை மட்டும் போகவில்லை.

கல்யாணம், பிள்ளைகள், பள்ளிக்கூட வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் அது அடியில் கிடந்தது. பிள்ளைகள் வளர்ந்து, இந்தக் கொல்லைக்கு நாங்கள் குடிவந்த பிறகு, ஓர் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய் மைனாவை வாங்கி வந்தேன். வியாபாரி சுழி பார்க்கச் சொன்னார், பல்லைப் பார்க்கச் சொன்னார். நான் உள்ளங்கையை விரித்து நீட்டினேன். அவள் உதட்டை வைத்தாள். அதோடு சரி, வேறு குதிரையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

உழவுக்கு ஆகாது, பால் கறக்காது, இந்த ஊரில் குதிரை எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. ஓசூர்ப் பக்கம் இருக்கிற மத்திகிரிக் கால்நடைப் பண்ணை 1824இல் கிழக்கிந்தியக் கும்பினிப் படைக்குக் குதிரை வளர்க்கத்தான் தொடங்கப்பட்டது. அதற்கும் பல நூறு வருஷம் முன்னாலேயே நம் பக்கத்து நடுகற்களில் குதிரைமேல் வீரர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் நான் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அஜ்ஜியிடம் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேர்த்த உடம்பில் பனி படுகிறது, போர்த்த வேண்டும். அவருக்கு அவ்வளவுதான் கணக்கு.

நடந்ததில் என் தப்பும் இருக்கிறது. ஒரே நாளில் தீவனத்தை மாற்றினேன். ஒரு நாளைக்கு 25, 30 லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டிய உடம்பு, பச்சைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறதே என்று குடிக்காமல் விட்டதை நான் கவனிக்கவில்லை. காய்ந்த தீவனம் குடலில் இறுகிவிட்டது. இனி எந்தத் தீவனமானாலும் பத்து நாள் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்றுவேன். மார்கழியிலும் தையிலும் தண்ணீரை வெதுவெதுப்பாக்கித்தான் வைப்பேன். இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறேன். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கல்யாண ஊர்வலத்துக்கும் கோயிலுக்கும் குதிரை வைத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறீர்கள். உங்கள் குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், தின்னாமல் நின்றால், லத்தி போடாமல் இருந்தால், டாக்டருக்கு உடனே சொல்லிவிட்டு எனக்கும் சொல்லுங்கள். எந்த நேரமானாலும் வருவேன். டாக்டர் வருகிறவரை கயிற்றைப் பிடித்து நடக்க ஓர் ஆள் வேண்டுமே. கம்பளியும் கொண்டு வருவேன்.

அந்த அஜ்ஜியை நான் மறுபடி பார்க்கவில்லை. இரண்டாம் நாள் விடிந்து, எல்லோரும் டீ குடித்து, நான் அவரைத் தேடிப் பக்கத்துக் கொல்லைக்குப் போனபோது கிடை கிளம்பிவிட்டிருந்தது. புழுக்கையும் குளம்புத் தடமும்தான் கிடந்தன. கம்பளி இல்லாமலேயே போயிருக்கிறார். அஞ்செட்டிப் பக்கம் போனதாக ஒருவர் சொல்கிறார், தளிப் பக்கம் என்கிறார் இன்னொருவர். இரண்டு பக்கமும் போய்த் தேடினேன், கிடைக்கவில்லை.

கம்பளியை அலசி நிழலில் காயப்போட்டு மடித்து வைத்திருக்கிறேன். அதோடு புதுக் கம்பளி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். ஊக்கு என் வளையலில் இருக்கிறது. அந்தப் பக்கம் ஆட்டுக்கிடை போட்டிருப்பதைப் பார்த்தால், ஒல்லியாக, குதிரையைப் பார்த்து முனகத் தெரிந்த ஓர் அஜ்ஜி இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் எனக்கு உடனே சொல்லுங்கள், அன்றைக்கே வந்துவிடுகிறேன். அதற்கு முன்னால் அவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். மைனா இன்று காலை புல் தின்றாள்.