அதிர்ஷ்டத்தால் மட்டும் கிடைத்த பதக்கமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

2012 லண்டன் ஒலிம்பிக் பேட்மின்டன் மகளிர் இரட்டையர் பிரிவில் ரஷ்யாவின் வலேரியா சொரோகினா – நினா விஸ்லோவா ஜோடி வென்ற வெண்கலத்தை 'ஓசிப் பதக்கம்' என்று இன்றும் சிலர் கேலி செய்கிறார்கள். வேண்டுமென்றே தோற்க முயன்ற நான்கு ஜோடிகள் வெளியேற்றப்பட்டதால்தான் இவர்களுக்குக் காலிறுதிக் கதவு திறந்தது, உண்மை. வெளியேற்றப்பட்டவர்களில் சீனாவின் உலகச் சாம்பியன்களும் அடக்கம்.

ஆனால் கதவு கனடா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஜோடிகளுக்கும் சேர்த்தே திறந்தது. காலிறுதியில் தென்னாப்பிரிக்காவை 21-9, 21-7 என்று விரட்டியவர்களும், வெண்கலப் போட்டியில் கனடாவை 21-9, 21-10 என்று சுருட்டியவர்களும் இந்த இருவர்தான். ரஷ்ய பேட்மின்டனுக்கு அதுவே முதல் ஒலிம்பிக் பதக்கம்!

நமக்கு வயிற்றெரிச்சல் இருப்பது நியாயம். ஜ்வாலா கட்டா – அஸ்வினி பொன்னப்பா ஜோடி ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் காலிறுதியைக் கோட்டைவிட்டது. இந்தியாவின் முறையீடும் எடுபடவில்லை. அந்தக் கோபத்தைப் போட்டி அட்டவணை வகுத்தவர்கள்மீது காட்டலாம். குழுச் சுற்றில் தோற்றால் எளிய எதிராளி கிடைப்பார் என்ற நிலையை உண்டாக்கியது அவர்கள்தானே? ஒழுங்காக ஆடிய ரஷ்யப் பெண்கள் என்ன செய்வார்கள்?

– ஒரு வாசகர், திருச்சி