புலி ஏன் நடந்துகொண்டே இருந்தது, அப்பா?

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டால் "பரவாயில்லைம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறீர்கள். நானும் ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில் விட்டுவிடுகிறேன். அதனால்தான் கடிதம். நீளமாக எழுதப் போகிறேன், மெதுவாகப் படியுங்கள்.

இங்கிலாந்து வந்து இது மூன்றாவது குளிர்காலம். மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குகிறவளுக்கு வெயில் என்பதே விடுமுறை நாளில் கிடைக்கிற பொருள். முதல் வருடம் அந்த நாட்களிலும் அறைக்குள்ளேயே கிடந்தேன். என்னோடு வார்டில் வேலை செய்யும் ஓர் அக்காதான், இப்படியே இருந்தால் நீயும் ஒரு படுக்கையில் வந்து படுக்க வேண்டியதுதான் என்று திட்டி, செஸ்டர் உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து லீவு கிடைத்தால் ஏதாவதொரு மிருகக்காட்சிசாலைக்கு ரயிலேறிவிடுகிறேன். போனாலும் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. புலி, சிங்கம், சிறுத்தை, கரடி இருக்கும் பக்கம்தான் கால் போகிறது.

உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு ஆறு வயது இருக்கும். தோளில் தூக்கி வைத்து ஒரு புலியைக் காட்டினீர்கள். அது கம்பி ஓரமாக அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தது. ஏன் நடந்துகொண்டே இருக்கிறது என்று கேட்டேன். "காட்டுல இருந்தா இந்நேரம் எவ்வளவு தூரம் போயிருக்கும், பாவம்" என்றீர்கள். எனக்கு அது பதிலாகவே படவில்லை. வீட்டுக்கு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேனாம், அம்மா இன்னும் சொல்லிக் காட்டுவார்.

நீங்கள் சொன்னது சரிதான் அப்பா. 2003-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர், ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்று பெயர், 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல மிருகக்காட்சிசாலைகளில் இருக்கும் ஊனுண்ணிகளைப் பற்றிய தகவல்களைத் திரட்டிப் பார்த்ததில், காட்டில் எந்த விலங்கு அதிகப் பரப்பில் சுற்றித் திரியுமோ அதுதான் அடைத்து வைத்தால் அதிகம் இப்படி நடக்கிறது, அதன் குட்டிகள்தான் அதிகம் சாகின்றன என்று தெரிந்தது. துருவக்கரடிக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் இடம், இயற்கையில் அது சுற்றும் மிகக் குறைந்த பரப்பில்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் என்றும் கணக்குப் போட்டிருந்தார்கள். இதைப் படித்த அன்று உங்கள் தோள் எவ்வளவு உயரமாக இருந்தது என்பது ஞாபகம் வந்தது.

இப்போதெல்லாம் ஓர் இருப்பிடத்துக்குப் போனால் நான் முதலில் விலங்கைத் தேடுவதில்லை. தரையைப் பார்க்கிறேன். ஒரு சின்னப் பூங்காவில், பெயர் வேண்டாம், ஒரு சிறுத்தை இருந்தது. இடம் மோசம் என்று சொல்ல முடியாது. புல் இருந்தது, பாறை இருந்தது, வெட்டிப் போட்ட மரம் இருந்தது. ஆனால் வேலி ஓரமாக ஒரு முழ அகலத்துக்குப் புல்லே இல்லாமல் மண் இறுகி, ஒற்றையடிப் பாதை போலப் பளபளவென்று கிடந்தது. மற்ற இடத்தில் எல்லாம் புல் கணுக்கால் உயரம், யாரும் மிதித்த அடையாளம் இல்லை. சிறுத்தை அந்தப் பாதையில் போனது, மூலையில் தலையை ஒரு சுழற்று சுழற்றித் திரும்பியது, வந்தது. திரும்பும்போது முன்கால் ஒவ்வொரு தடவையும் ஒரே குழியில் விழுந்தது. கால் பதிந்து பதிந்து உண்டான குழி. நாடி பிடித்து எண்ணிப் பழகிய கை சும்மா இருக்குமா, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். பத்து நிமிடத்தில் நாற்பத்தோரு தடவை. பக்கத்தில் நின்ற ஒரு குழந்தை "நம்மகிட்ட வருது!" என்று கைதட்டியது. அது யாரிடமும் வரவில்லை அப்பா. அந்தக் கண்ணில் நாங்கள் யாரும் இல்லவே இல்லை.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் எல்லாப் பெரும்பூனைகளும் கொஞ்சம் நடக்கத்தான் செய்யும். அதை மட்டும் பார்த்து ஓர் இடத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. அதனால் காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை போய் நிற்கிறேன்.

பழைய முறை எப்படி இருந்தது என்று பார்க்க டட்லிக்குப் போனேன். மலைமேல் ஒரு பாழடைந்த கோட்டை, அதைச் சுற்றி மிருகக்காட்சிசாலை. 1937-ல் திறந்தது. லுபெட்கின் என்ற கட்டடக் கலைஞரும் அவருடைய டெக்டன் குழுவும் கான்கிரீட்டில் வளைத்து வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். இன்று அவை பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். கரடிப் பள்ளத்தின் மேல்தளம் அலைபோல வளைந்து நிற்கும் அழகை மறுக்க முடியாது, நானே நாலு படம் எடுத்தேன். ஆனால் அதில் மனிதன் மேலே நின்று பார்ப்பான், மிருகம் கீழே இருக்கும். உயரத்தில் இருந்து சுற்றிலும் நோட்டம் விடுவதுதான் புலிக்கும் சிறுத்தைக்கும் இயல்பு. அவற்றைப் பள்ளத்தில் இறக்கிவிட்டு நாம் மேலே நின்று எட்டிப் பார்த்தால், நாள் முழுக்கத் தலைக்கு மேல் யாரோ நிற்கிற மாதிரி இருக்காதா? வார்டில் டாக்டர்கள் கூட்டமாகக் கட்டிலைச் சுற்றி நின்று குனிந்து பார்க்கும்போது நோயாளியின் முகம் மாறுவதைத் தினமும் பார்க்கிறேன்.

கம்பிக்குப் பதிலாக அகழி வெட்டும் யோசனை அதைவிடப் பழையது. ஜெர்மனியில் கார்ல் ஹாகன்பெக் என்பவர் 1896-ல் அதற்குக் காப்புரிமை வாங்கி, 1907-ல் ஹாம்பர்க் பக்கத்தில் பூங்காவே திறந்துவிட்டார். எந்த மிருகம் எவ்வளவு தூரம் தாண்டும் என்று சோதித்துப் பார்த்து, அதற்குத் தக்க அகலத்தில் அகழி வெட்டினார். பார்க்கிறவருக்கு நடுவில் எந்தத் தடையும் இல்லாமல் சிங்கம் எதிரே நிற்பதுபோல் இருக்கும். உலகமே அதைப் பின்பற்றியது. எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. அகழி நம் கண்ணுக்குத்தான் மறைகிறது, சிங்கத்துக்கு அது மறையவில்லையே.

லண்டன் மிருகக்காட்சிசாலையைப் பற்றிச் சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்கும். அங்கே 2016-ல் ஆசியச் சிங்கங்களுக்காக ஒரு பகுதி திறந்தார்கள். குஜராத்தின் சாசன் கிர் ஊரையே கொண்டுவந்து வைத்தது போல ரயில் நிலையமும் கடைத்தெருவும் கட்டியிருக்கிறார்கள். லண்டன் நடுவில் அந்த ரயில் நிலையப் பலகையைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, மறைப்பானேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் யோசித்தேன்: இந்த அலங்காரம் எல்லாம் நமக்கு. சிங்கத்துக்கு வேண்டியது சூடான பாறை, மேடு, காற்று, ஒதுங்க ஒரு மறைவு. ஆனாலும் அந்த அலங்காரத்துக்கும் ஒரு பயன் இருக்கிறது. ஆசியச் சிங்கம் காட்டில் மிஞ்சியிருப்பது குஜராத்தில் மட்டும்தான் என்பது அதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு மறக்காது. 2025 கணக்கெடுப்பில் 891 சிங்கங்கள். எல்லாம் கிர் காட்டிலும் அதைச் சுற்றியும். ஒரு கொள்ளைநோய் வந்தால் என்ன ஆகும் என்று நினைக்கும்போதுதான் செஸ்டரிலும் லண்டனிலும் இருக்கும் இந்தச் சிங்கங்களுக்கு ஒரு அர்த்தம் தெரிகிறது. லண்டனில் ஒரு பெண்சிங்கம் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே மல்லாந்து தூங்கியது. வயிற்று மயிர் மூச்சுக்கு மூச்சு எழுந்து தாழ்ந்தது, பாதத்தின் நடுவில் உலர்ந்த சேறு. இத்தனை பேர் நிற்கும்போது இவ்வளவு அசந்து தூங்குகிறது என்றால் அந்த இடம் அதற்குப் பழகியிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பரப்பளவைப் பார்த்துத் திருப்திப்பட்ட இடம் டான்காஸ்டர் அருகே உள்ள யார்க்ஷயர் வனவிலங்குப் பூங்கா. 2010-ல் ருமேனியாவின் ஒராதியா மிருகக்காட்சிசாலையில் கான்கிரீட் கூண்டுகளில் கிடந்த 13 சிங்கங்களை மீட்டு இங்கே கொண்டுவந்தார்கள். முதன்முதலில் புல்லை மிதித்திருக்கும் அந்தக் கால்களை நினைத்துக்கொண்டே வேலி ஓரம் நடந்தேன். துருவக்கரடிகளுக்குப் பத்து ஏக்கர், ஏரி உட்பட. நம் ஆள் யாராவது பத்து ஏக்கர் என்றால் வாயைப் பிளப்பார்கள், கரடிக்கு அதுவும் முற்றம்தான். ஆனாலும் அங்கே கரடி கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட முடிகிறது. அரைமணி நேரம் நின்றேன், ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சலித்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை.

இடம் பெரிதாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சூரிச் மிருகக்காட்சிசாலைக்கு 1954 முதல் 1973 வரை இயக்குநராக இருந்த ஹைனி ஹெடிகர், சதுர அடியைவிட அதற்குள் என்ன இருக்கிறது என்பதுதான் பெரிது என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர். அதே சூரிச்சில் பின்னாளில் புலிகளுக்கு இறைச்சிப் பெட்டிகள் வைத்தார்கள். எந்தப் பெட்டி எப்போது திறக்கும் என்று புலிக்குத் தெரியாது. சுற்றிச் சுற்றிப் போய்த் தேட வேண்டும். சும்மா நடக்கும் நடை வெகுவாகக் குறைந்தது என்று 2002-ல் ஆய்வே வந்திருக்கிறது. இங்கே ஒரு பூங்காவில் உயரமான மரத்தூண் உச்சியில் இறைச்சியைக் கட்டிவைக்கிறார்கள். புலி நேரே ஓடி வரவில்லை. தூணைச் சுற்றி வந்தது, மோந்தது, உட்கார்ந்தது, மறுபடி எழுந்தது. பிறகு ஒரே தாவல். நகம் மரத்தில் இறங்கும் சத்தம் கண்ணாடி தாண்டிக் கேட்டது, கோணியைக் கிழிக்கிற மாதிரி. பாதி உயரத்தில் பின்கால் வழுக்கி நின்றது, முதுகுத் தோல் முழுக்க நடுங்கியது, மறுபடி ஏறி இறைச்சியோடு குதித்தது. தின்ற பிறகு உடனே தூங்கவில்லை, வெகுநேரம் பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தது. ஒரு வேலை செய்து முடித்த முகம் அது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் இவ்வளவு தூரம் அலைகிறேன் என்று அன்று புரிந்தது.

கடைசியாகப் போனது ஸ்காட்லாந்து. கிங்குஸி பக்கம் ஹைலேண்ட் வனவிலங்குப் பூங்கா. மலைக்காற்று காதைப் பிய்க்கிறது. பனிச்சிறுத்தைக்கும் துருவக்கரடிக்கும் இதைவிடப் பொருத்தமான குளிர் இந்த நாட்டில் வேறெங்கே கிடைக்கும்? மெர்சிடிஸ் என்று ஒரு கரடி இங்கே இருந்தது. கனடாவின் சர்ச்சில் ஊருக்குள் திரும்பத் திரும்ப வந்ததால் சுடப்படவிருந்து, 1984-ல் எடின்பரோ மிருகக்காட்சிசாலைக்கு வந்தது. 2009-ல்தான் இந்த மலைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு வருடம் விசாலமாக இருந்துவிட்டு 2011-ல் வயதாகி, மூட்டுத் தேய்மானத்தோடு போய்ச் சேர்ந்தது. வாழ்நாளின் பெரும்பகுதியை எங்கேயோ கழித்துவிட்டு, கடைசியில் தனக்கேற்ற குளிருக்கு வந்த கரடி. அதைப் பற்றிப் படித்தபோது உங்கள் முழங்கால் நினைவு வந்தது. அதனால்தான் ஆரம்பத்திலேயே கேட்டேன். 2017 டிசம்பரில் இங்கே ஹாமிஷ் என்ற குட்டி பிறந்தது, பிரிட்டனில் 25 வருடங்களுக்குப் பிறகு பிறந்த துருவக்கரடிக்குட்டி.

அங்கே நான் மிகவும் மதித்த இடத்தை என்னால் பார்க்கவே முடியவில்லை அப்பா. ஸ்காட்லாந்தின் காட்டுப்பூனை அழியும் நிலையில் இருக்கிறது. அதைப் பெருக்கிக் காட்டில் விட, அந்தப் பூங்காவின் நிலத்திலேயே ஓர் இடம் கட்டியிருக்கிறார்கள். பார்வையாளருக்கு அனுமதி இல்லை. மனித வாசனைக்கும் மனித முகத்துக்கும் பழகிவிடக் கூடாது என்பதற்காகக் கேமரா வழியாகத்தான் கவனிக்கிறார்கள். 2023 கோடையில் 19 பூனைகளைக் கெய்ர்ன்கார்ம்ஸ் காட்டில் விட்டார்கள். அடுத்த வருடமே அவற்றில் சில வெளியில் குட்டி போட்டன.

இருட்டும்வரை அந்த மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மரமும் மூடுபனியும் தவிர ஒன்றும் தெரியவில்லை. காவலர் வந்து நேரமாகிவிட்டது என்றார்.

நீங்கள் விசா வேலையை முடித்துக்கொண்டு வாருங்கள். முதலில் யார்க்ஷயர் போகலாம். கரடி கண்ணில் பட நேரமாகும், மடக்கு நாற்காலி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். உங்களுக்கு நிற்க வேண்டியிருக்காது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்த வேண்டாம். அம்மாவிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்