2–1 என்று முடிந்த ஆட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் வலைப்பந்து நன்றாக ஆடுவார்கள். அந்த ஆட்டம் பிறந்ததே கூடைப்பந்திலிருந்துதான். ஆனால் கூடைப்பந்துக்கு இங்கே ஒரு வளையம்கூட இல்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பெண்கள் 1896 ஏப்ரல் 4 அன்று பெர்க்லி அணியை 2–1 என வென்றார்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையில் பெண்கள் ஆடிய முதல் கூடைப்பந்தாட்டம் அது. பார்க்க ஆண்களை உள்ளே விடவில்லை! 1899இல் பெண்கள் வெளி அணிகளோடு ஆடுவதையே ஸ்டான்ஃபோர்ட் நிறுத்திவிட்டது. அப்புறம் 1970களில்தான் அணி மீண்டும் எழுந்தது. 1990, 1992, 2021இல் தேசியப் பட்டம் வென்றது.

"அவ்வளவு காலம் ஆடவே விடலையா?" என்று என் மகள் கேட்டாள். அவளும் வளையத்துக்காகத்தான் காத்திருக்கிறாள். மலையகப் பாடசாலைகளுக்கு ஒரு கம்பமும் சீமெந்துத் தரையும் கல்வி அதிகாரிகள் தர வேண்டும்.

ஒரு தாய்,
ஹட்டன்